நடுவிடத்துக்கு இரண்டு பேர்

"இந்த ஞாயிறு பீற்றர் நடுவிலை விளையாடட்டும்," என்றார் குருசுமுத்து.

நீக்கிலாஸ் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"அப்ப நான்?"

"நீ வலப்பக்கம்."

"கோட்டுக்குப் பக்கத்திலை நிண்டு, வெளியிலை போற பந்தைப் பொறுக்கிக் குடுக்கவோ?"

"கோவிக்காதை. போன மட்சிலை உன்ரை காலாலை போன ஒரு பாஸ் எங்கட ஆளிட்டைப் போச்சுதோ? நீயே சொல்லு."

"புல்லு நனைஞ்சு கிடந்தது, குருசண்ணை."

"பீற்றரும் அதே புல்லிலைதானே நிண்டவன்?"

நீக்கிலாஸ் கயிற்றை இறுக்கி இழுத்து முடிச்சுப் போட்டான். மைதானத்தின் மற்றக் கரையில் பீற்றர் பந்தை முழங்காலில் தட்டித் தட்டி நின்றான். அவனைச் சுற்றி நின்ற பெடியள் சிரித்தார்கள். என்ன சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று இங்கே கேட்கவில்லை. கேட்காதது இன்னும் எரித்தது.

எண்பத்தாறாம் ஆண்டு மே மாதம். டென்மார்க் அணி உலகக் கிண்ணத்துக்கு மெக்சிக்கோ போகிறது என்று இக்காஸ்ட் கடைக் கண்ணாடிகளெல்லாம் சிவப்பும் வெள்ளையுமாக இருந்தன. அந்த ஊரில் பின்னல் தொழிற்சாலைகளில் மாறிமாறி வேலை செய்த தமிழ்ப் பெடியளும் ஒரு அணி வைத்திருந்தார்கள். குருசுமுத்துதான் கப்டன், பயிற்சி, பூட்ஸ் இரவல் வாங்குகிறவர், எல்லாம். ஞாயிற்றுக்கிழமை, தலைநகருக்குப் பக்கத்திலுள்ள ஹ்விடோவ்ரேத் தமிழ்ப் பெடியள் கப்பல் ஏறி, ரெயில் ஏறி விளையாட வருகிறார்கள். போன வருசம் அவர்களிடம் போய் விளையாடி வென்றபோது, நடுவில் நின்று ஆட்டத்தைக் கையில் வைத்திருந்தவன் நீக்கிலாஸ். மன்னார் பேசாலையான். பந்து அவனைக் கேட்டுத்தான் அடுத்த ஆளிடம் போகும் என்று பெடியள் பகிடி விடுவார்கள்.

இந்த வருசம் பந்து அவனைக் கேட்பதில்லை. கால் நீட்டும்போது பந்து இல்லை. பாஸ் கொடுத்தால், ஆள் போன பிறகு ஆள் நின்ற இடத்துக்குப் போகிறது. எப்போதிருந்து என்று அவனுக்குத் துல்லியமாகத் தெரியும். பீற்றர் குருநகரிலிருந்து வந்து சேர்ந்த மாரிக்குப் பிறகு.

*

"அவன்ரை கண்தான்," என்றான் வீட்டுக்கு வந்து.

மனைவி மேரிசெலின் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். "ஆற்றை கண்?"

"பீற்றற்றை. வந்த முதல் நாளே என்ன சொன்னவன் தெரியுமோ? 'அண்ணை, உங்கட கால் மாதிரிக் கால் நான் குருநகரிலையும் கண்டதில்லை' எண்டவன். எல்லாருக்கும் முன்னாலை. அண்டைக்கே பட்டிட்டுது."

"நல்லது சொன்னாலும் குற்றமோ?"

"நல்லது சொல்லேக்கைதானே கண் படுறது! நீ மன்னாராள்தானே, உனக்குத் தெரியாதோ?"

"தெரியும், தெரியும். இஞ்சேருங்கோ, ஒண்டு கேக்கிறன். அவன் உங்கட காலைப் பாக்கிறானோ, நீங்கள் அவன்ரை காலைப் பாக்கிறீங்களோ?"

"நான் ஏன் பாக்கிறன்?"

"நேற்று யன்னலாலை பாத்துக்கொண்டு நிண்டியளே. முன் புளொக்கிலை அவன் சைக்கிள் பூட்டுறதை. தேத்தண்ணி ஆறிப் போச்சு."

பார்த்தது உண்மைதான். பீற்றர் வலது காலால் சைக்கிளைத் தாங்கி, பூட்டி, திரும்பி, படியில் ஏறும்வரைக்கும். மைதானத்திலும் அப்படித்தான். பந்து எங்கே என்று தெரியாது, பீற்றர் எங்கே என்று தெரியும். அவன் ஓடுவது, நிற்பது, மூச்சு வாங்குவது, தண்ணீர் குடிக்க எந்தக் கையை நீட்டுவது, எல்லாம். வந்து ஆறு மாதம் ஆகவில்லை, டேனிஷும் கதைக்கிறான். தொழிற்சாலை மேற்பார்வையாளன் பீற்றரைத் தோளில் தட்டுகிறான். நீக்கிலாசைக் கண்டால் கையால்தான் காட்டுகிறான், இங்கே போ, அங்கே போ.

"போன கிழமை அவனுக்கு மீன் கறி குடுத்தனி," என்றான் திடீரென்று.

"ஓம், குடுத்தன். தனிப் பெடியன்."

"எனக்கு வால் துண்டு. அவனுக்கு நடுத் துண்டு."

மேரிசெலின் கத்தியைக் கீழே வைத்தாள். "ஐயோ கடவுளே! அதிலையும் நடுவிடமோ? சரி, வாங்கோ, நாவூறு கழிச்சு விடுறன். அப்பவாவது வாயை மூடுவியளோ பாப்பம்."

*

செத்தல் மிளகாய் இருந்தது. உப்பு இருந்தது. முச்சந்தி மண் இல்லை.

"எல்லாம் தார் றோட்டு," என்றாள் மேரிசெலின். "மண்ணுக்கு எங்கை போறது?"

"ஸ்டேசனடியிலை மூண்டு றோட்டும் சந்திக்கிற இடத்திலை பூப்பாத்தி இருக்குதே."

"நகரசபைப் பூவுக்குள்ளை நான் கை விடவோ? ஆக்கள் என்ன நினைப்பினம்?"

அவனே போய் எடுத்து வந்தான், கால்சட்டைப் பைக்குள். கூடவே ஒரு மஞ்சள் பூவும் வேரோடு வந்திருந்தது. மேரிசெலின் அதை ஒரு கிளாசில் வைத்தாள். பாவம், அது என்ன செய்தது.

அவனைக் கிழக்கே பார்க்க இருத்தி, மூன்றையும் கைக்குள் பொத்தி, தலையைச் சுற்றி, தோளைச் சுற்றி, வலது காலை மூன்று தரம் கூடுதலாகச் சுற்றினாள். "ஊர்க்கண், உறவுக்கண், கண்ட கண்ணெல்லாம் போக. அந்தோனியாரே, இந்த மனுசனுக்குக் காலையும் குடும், கொஞ்சம் புத்தியையும் குடும்."

"புத்தியைப் பற்றி இப்ப ஏன்?"

"பேசாதேங்கோ. பலிக்காது."

விறகடுப்பென்றால் நெருப்பில் போட்டுவிட்டு வரலாம். இது மின்சார அடுப்பு. தாச்சியை வைத்து, வட்டம் சிவந்து வரும்வரை பொறுத்து, எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினாள். ஒரு பிடி. கணவனின் குறை பெரிதாகையால் மிளகாயும் கூட.

"யன்னலைத் திற," என்றான் நீக்கிலாஸ்.

"வேண்டாம். கண் வாசலாலைதான் வந்தது, வாசலாலைதான் போகவேணும்."

வாசலைத் திறந்துவிட்டாள்.

முதலில் நீக்கிலாஸ் இருமினான். பிறகு மேரிசெலின். பிறகு மாடிப்படியில் யாரோ. மேல் வீட்டுக் கதவு திறந்து மூடியது. அதற்கு மேல் வீட்டிலிருந்து ஒரு நாய் இருமியது. மேரிசெலின் தாச்சியைத் தூக்கித் தண்ணீர்க் குழாய்க்குக் கீழே பிடித்தாள். அதுதான் பிழை. வெள்ளைப் புகை ஒன்று எழும்பி, வீட்டை நிரப்பி, வாசலால் வெளியேறிப் படி படியாக மேலே போனது.

புளொக் முழுவதும் முற்றத்தில் நின்றது. மேல் வீட்டு ஈங்கர் கிழவி மூக்கில் சமையல் துவாயைப் பிடித்துக்கொண்டு கையைக் கையை ஆட்டினாள். யாரோ தொலைபேசி எடுத்திருக்க வேண்டும், தீயணைப்பு வண்டி வந்தது. இரண்டு பேர் தலைக்கவசத்தோடு உள்ளே போனார்கள். போன வேகத்தில் இருமிக்கொண்டு வெளியே வந்தார்கள்.

அவர்கள் டேனிஷில் கேட்டார்கள். நீக்கிலாசுக்கு ஒன்றும் வாயில் வரவில்லை. கண்ணீர் ஓட, "மிளகாய், மிளகாய்," என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டு நின்றான்.

முன் புளொக்கிலிருந்து பீற்றர் சாரத்தை மடித்துக் கட்டியபடி ஓடிவந்தான்.

"என்னண்ணை? அக்கா, உங்களுக்கு ஒண்டும் இல்லையோ?"

"எனக்கொண்டுமில்லை," என்றாள் மேரிசெலின். "மிளகாய் எரிச்சனாங்கள்."

"சமையலுக்கோ?"

அவள் கணவனைப் பார்த்தாள். கணவன் வானத்தைப் பார்த்தான்.

"நாவூறு கழிச்சனாங்கள் தம்பி. இந்த மனுசனுக்கு."

பீற்றர் சிரிக்கவில்லை. திரும்பித் தீயணைப்புக்காரனிடம் நீளமாக ஏதோ சொன்னான். கையால் தலையைச் சுற்றிக் காட்டினான். தீயணைப்புக்காரன் புருவத்தை உயர்த்தினான். ஈங்கர் கிழவி பக்கத்தில் வந்து காது கொடுத்தாள். பிறகு அவள் ஒரு கேள்வி கேட்டாள். பீற்றர் நீக்கிலாசிடம் திரும்பினான்.

"அண்ணை, ஆருக்கு உங்களிலை பொறாமை எண்டு கேக்கிறா. நான் என்ன சொல்ல?"

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். தீயணைப்புக்காரர் இருவர், ஈங்கர், நாய், நாயின் சொந்தக்காரன். பீற்றரின் கண்ணும் மிளகாய்ப் புகையில் சிவந்து நீர் வடிந்துகொண்டிருந்தது.

"ஒருத்தருக்கும் இல்லையெண்டு சொல்லு," என்றான் நீக்கிலாஸ்.

பீற்றர் சொன்னான். ஈங்கர் நம்பாத முகத்தோடு தலையாட்டினாள்.

மேரிசெலினுக்குச் சிரிப்பும் இருமலும் ஒன்றாக வந்தது. வண்டி போனதும் கணவன் தோளில் கை வைத்துக்கொண்டுதான் பேச முடிந்தது.

"இஞ்சேருங்கோ. கண் இருந்தா மிளகாய் மணக்காது. ஒருத்தரும் இருமமாட்டினம். அது தெரியுமெல்லோ?"

"தெரியும்."

"நாயும் இருமினது."

"தெரியும் எண்டு சொல்லுறனெல்லோ!"

"உங்களிலை ஒரு கண்ணும் இல்லை. சுத்தம். அப்ப இந்தப் பொறாமை ஆற்றையெண்டு நீங்களே பாருங்கோ."

*

ஞாயிற்றுக்கிழமை அவன் வலப்பக்கம் நின்றான். வாதாடவில்லை. வாதாட முகமிருக்கவில்லை.

ஹ்விடோவ்ரேக்காரர் இரவிரவாகப் பயணம் செய்து வந்தும் ஓட்டம் குறையவில்லை. அரைவாசி ஆட்டம் முடியுமுன்னமே ஒரு கோல் போட்டார்கள். அவர்களுக்கும் பீற்றரைப் பற்றிக் கேள்வி போலிருக்கிறது, இரண்டு பேர் அவனோடு ஒட்டிக்கொண்டே திரிந்தார்கள். பீற்றர் திரும்பினால் அவர்களும் திரும்பினார்கள்.

"பாருங்கோ, அவனாலையும் ஏலாது," என்றது நீக்கிலாசின் மனது. சந்தோசமாகத்தான் சொன்னது. அணி தோற்றுக்கொண்டிருக்கிறது, இவனுக்குள்ளே தேன். வெட்கக்கேடு என்று தெரிந்தும் கொஞ்ச நேரம் அதை ருசித்துக்கொண்டு நின்றான்.

"நீக்கிலாஸ்! நித்திரையோ?" குருசுமுத்து பின்னால் நின்று கத்தினார்.

பந்து வந்தது. முதுகு மைதானத்துக்கு, முகம் கோட்டுக்கு. எதிராளி ஒருவன் முதுகில் முட்டிக்கொண்டு நின்றான். திரும்பிப் பார்க்க நேரமில்லை. பார்க்கத் தேவையும் இருக்கவில்லை. இரண்டு பேர் நெருக்கினால் பீற்றர் முதலில் பின்னால் வருவான். இரண்டு அடி. களைத்தவன்போல இடுப்பில் கை வைப்பான். பிறகு இடப்பக்கத்தால் வெட்டி, ஒருவருமில்லாத இடத்துக்கு ஓடுவான். கை வைத்திருப்பான், இப்போது. இப்போது எடுப்பான்.

நீக்கிலாஸ் குதிக்காலால் பந்தைத் திருப்பி, ஒருவரும் நிற்காத புல்லுக்கு நீளமாக அடித்தான்.

"ஆருக்கடா அடிக்கிறாய்?" என்று குருசுமுத்து கத்தி முடிக்குமுன் பீற்றர் அங்கே வந்திருந்தான். பந்து கால் நீட்டிய இடத்தில் இருந்தது. கோல்காரனைத் தாண்டி அடித்தான்.

"பீற்றர்! பீற்றர்!" என்று கோட்டோரம் முழுக்கக் கத்தியது. மேரிசெலின்கூடக் கை தட்டினாள். யாரும் நீக்கிலாஸ் என்று சொல்லவில்லை. அவனுக்கு நெஞ்சு மறுபடியும் மிளகாய்போல எரிந்தது. ஆனால் பந்தைத் தொட்ட கால் அவனுடைய கால்தான். பழைய கால். அது அவனுக்குத் தெரிந்தது.

பிறகும் அவ்வாறே. எரிந்துகொண்டே பார்த்தான், பார்த்துக்கொண்டே கொடுத்தான். ஒரு பாஸ் பிழைத்தது, இன்னொன்று சரியாகப் போனது. ஹ்விடோவ்ரேக்காரர் பீற்றரை விட்டு இவனிடம் ஒரு ஆளை அனுப்ப வேண்டியதாயிற்று. அனுப்பியதும் பீற்றருக்கு மூச்சு விட இடம் வந்தது.

குருசுமுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு கிட்ட வந்தார்.

"நீ நடுவுக்கு வா. பீற்றர் முன்னுக்குப் போகட்டும்."

"வலப்பக்கம் எண்டியள்."

"விசர்க் கதை கதையாதை. வா எண்டால் வா."

நடுவுக்கு நடக்கும்போது பீற்றர் எதிரே வந்தான். இடம் விட்டுக் கொடுக்கிறவனின் முகம் அவனிடம் இல்லை. மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தான். அந்தச் சிரிப்பும் நீக்கிலாசுக்குப் பிடிக்கவில்லை. பல்லு அவ்வளவு வரிசையாக இருக்கத் தேவையில்லை.

"அண்ணை, நான் அங்கை வருவன் எண்டு எப்பிடித் தெரியும்? நீங்கள் திரும்பிக்கூடப் பாக்கேல்லையே."

"பாத்தனான்," என்றான் நீக்கிலாஸ். "மாசக் கணக்காப் பாத்தனான். கதைச்சுக்கொண்டு நிக்காமல் ஓடு. பந்து இன்னும் வரும்."