லிஃப்ட் கதவில் ஒரு வெண்பா

பல்லக்கா ஓய்வு பெற்ற அன்றைக்கு ஊரிலுள்ள பற்கள் எல்லாம் ஒன்றுகூடி நிம்மதிப் பெருமூச்சு விட்டன என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே அவள்தான். பல் டாக்டருக்கு உதவியாளராக வேலை பார்த்த காலமெல்லாம் அவளுக்குக் கிடைத்த மாதிரி ரசிகர்கள் எந்தப் பெரிய புலவருக்கும் கிடைத்திருக்க மாட்டார்கள். நாற்காலியில் சாய்ந்து, வாயை அகலத் திறந்து, உள்ளே பஞ்சும் குழாயுமாகக் கிடப்பவர் எழுந்து போக முடியுமா? "போதும் நிறுத்து" என்று சொல்லத்தான் முடியுமா? டாக்டர் பல்லைக் குடைந்துகொண்டிருக்க, பல்லக்கா காதோரம் வெண்பாவாக அவிழ்த்து விடுவாள். மீசை காதைத் தொடுகிற ஒரு போலீஸ் அதிகாரி வந்து போனதைப் பற்றி அவள் பாடியது இது:

வாயைத் திறந்துவைத்து வைத்தியம் பார்ப்பதற்குள்
நாயைப்போல் ஊளையிட் டார்.

இதை அந்த அதிகாரியிடமே, இன்னொரு பல்லைப் பிடுங்கும்போது பாடிக் காட்டினாள். அவர் சிரித்த சிரிப்பில் பல் தானாகவே கழன்று டாக்டர் கையில் விழுந்தது. டாக்டரைக் கேட்டால் இல்லை என்பார். டாக்டர்களுக்கு எப்போதுமே ஞாபகசக்தி கம்மி.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வீட்டுக்காரருக்கோ பாட்டு என்றாலே கொட்டாவி. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். "ஏ பல்லு, உன் வெண்பாவை நிறுத்தத்தில நிறுத்து, நான் இறங்கிக்கறேன்" என்பார். அவருக்கு உலகத்தில் ஒரே ஒரு சந்தோஷம்தான்: தெருமுனை சலூனில் முடிவெட்டுகிறவரோடு சாயங்காலம் கேரம் ஆடுவது. இரண்டு பேரும் ஆடும் ஆட்டத்தைவிடப் போடும் சண்டைக்குத்தான் கூட்டம் கூடும்.

முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்து அவர் வீடு திரும்பிய வாரம்தான் குடியிருப்பு லிஃப்ட் படுத்துக்கொண்டது. நாலாவது மாடி. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, நாலு பேர் தூக்கி, மூன்று இடத்தில் இடித்து, மேலே கொண்டுவந்து இறக்கினார்கள். ஏறியதோடு சரி. டாக்டர் தெருவில் நடக்கச் சொல்லியிருந்தார். படியில் மட்டும் கால் வைக்கக் கூடாதாம். வாரங்கள் போயின. சலூன்காரர் சாயங்காலம் கடை வாசலுக்கு வந்து, சீப்பைத் தூக்கிக் காட்டி, "வர்றியா இல்லையா?" என்று கத்துவார். இவர் ஜன்னலில் நின்று கையை விரிப்பார்.

முதலில் கையை விரித்தார். அப்புறம் சும்மா தலையாட்டினார். ஒருநாள் சலூன்காரர் கத்தியபோது ஜன்னல் பக்கமே போகவில்லை.

"கூப்பிடறாரே, காதுல விழலையா?" என்றாள் பல்லக்கா.

"விழுது. போய் என்னத்தைப் பேச? கீழே எனக்கு இனிமே என்ன வேலை."

சண்டை போடுகிற மனுஷன் சண்டையை விட்டால் என்ன மிஞ்சும்? கால் தேறிக்கொண்டு வந்தது, ஆள் தேய்ந்துகொண்டு போனார்.

லிஃப்ட் ஏன் ஓடவில்லை? பெரிய கோளாறு ஒன்றுமில்லை. குடியிருப்புச் சங்கச் செயலாளர் ஒரு காகிதத்தில் "சரி" என்று கையெழுத்துப் போட வேண்டும், மெக்கானிக் வந்துவிடுவார். செயலாளர் போடவில்லை. யார் போய்க் கேட்டாலும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, "இன்னொரு கொட்டேஷன் வரட்டும். பார்க்கலாம்" என்பார். அவர் இருப்பதோ தரைத்தளம். லிஃப்ட் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அவருக்குக் காலை நீட்டினால் தெரு.

அவர் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நேரில் "ஐயா". முதுகுக்குப் பின்னால் "தளையார்". ஏனென்றால் எந்தச் செய்யுளைக் கேட்டாலும் விரல்விட்டு எண்ணுவார், ஓசை ஓரிடத்தில் இடறினால் போதும், "தளை தட்டுது!" என்று முகத்தைச் சுளிப்பார், யாரோ அவர் காலை மிதித்துவிட்ட மாதிரி. கல்யாணப் பத்திரிகையில் இருக்கும் வாழ்த்துப்பாவுக்கு மதிப்பெண் போட்டுத் திருப்பி அனுப்புகிற ஆள். திருத்திய எதிலும் கீழே கையெழுத்தும் தேதியும் போடுவது வாத்தியார் காலத்துப் பழக்கம். ஒரு கொள்கையும் உண்டு: "பிழையான வெண்பாவைக் கிழிக்கலாம். பிழையில்லாத வெண்பாவைக் கிழிக்கிறவன் கை விளங்காது." கூட்டத்துக்குக் கூட்டம் சொல்வார்.

மனு கொடுத்தாள் பல்லக்கா. பார்க்கலாம். குடியிருப்பு முழுக்கக் கையெழுத்து வாங்கிக் கொடுத்தாள். பார்க்கலாம், அதில் இரண்டு வாக்கியம் திருத்தத்தோடு. அன்றைக்குப் படியேறி வந்து மூச்சு வாங்க உட்கார்ந்தவளைப் பார்த்து வீட்டுக்காரர் சொன்னார்: "ஊர்ல இருக்கறவனை எல்லாம் பாட்டுல கிழிக்கிறியே, உன் பாட்டால ஒரு லிஃப்ட் ஓடுமா?"

கிண்டலாகச் சொல்லியிருந்தால் அவள் பதிலுக்குப் பாடியிருப்பாள். அவர் அலுப்பாகச் சொன்னார். அதுதான் சுருக்கென்று தைத்தது.

மறுநாள் காலை லிஃப்ட் கதவில் ஒரு பெரிய தாள். பக்கத்தில் கயிற்றில் கட்டித் தொங்கும் பேனா.

ஏறினால் மூச்சிறைக்கும் ஏறாமல் சோறில்லை
ஆறேழு மாதமாய் ஆடாத பெட்டிமுன்
காளைபோல் நம்ஐயா கம்பீர மாய்ச்சொன்னார்
…………………………………………

கீழே, "ஈற்றடி நீங்களே எழுதுங்கள்" என்று ஒரு வரி. லிஃப்ட் நின்று உண்மையில் மூன்று மாதம்தான். ஓசைக்கு வேண்டுமென்றால் மாதத்தை இழுத்து நீட்டுவதில் பல்லக்காவுக்கு ஒரு கூச்சமும் கிடையாது.

முடியாத வெண்பா இருக்கிறதே, அது வராத தும்மல் மாதிரி. மூக்குநுனி வரைக்கும் வந்து நிற்கும். நிம்மதியாக ஒரு வேலை பார்க்க விடாது. பால் வாங்கப் போனவர்கள் பாலை மறந்தார்கள். மூன்றாவது மாடியில் ஒருத்தர் பல் தேய்த்துக்கொண்டே "காளைபோல்… காளைபோல்…" என்று முனகியதில் பற்பசையை விழுங்கிவிட்டார்.

முதலில் எழுதியவர் முதல் மாடித் தையல்காரர்: "லிஃப்ட் சீக்கிரம் ரெடி ஆகிவிடும் மக்களே." மத்தியானம் பார்த்தால் அதன்மேல் சிவப்பு மை: "தளை தட்டுது. பூஜ்யம்." கீழே கையெழுத்து, தேதி.

பல்லக்கா கைதட்டாத குறை. மீன் புழுவை முகர்ந்துவிட்டது! அவள் போட்ட திட்டமே இதுதான். "காளை" என்று தொடங்கிய அடிக்குக் கீழே எதுகை பொருந்த வேண்டுமென்றால் "நாளை" முதலில் வந்து நிற்கும். ஐயாவுக்குக் கை அரிக்கும், ஒருநாள் அவரே எழுதுவார், எழுதினால் மாட்டுவார்.

ஆனால் ஐயா எழுதவில்லை. மதிப்பெண் மட்டும் போட்டார். யார் என்ன எழுதினாலும் சிவப்பு மை. இரண்டாம் மாடி வக்கீல், "ஆளை விடுங்கப்பா போய்" என்று எழுதியபோது பல்லக்காவுக்குப் பகீரென்றது. ஓசை கச்சிதம்! இதை ஐயா ஏற்றுக்கொண்டால் ஆட்டம் முடிந்தது. ஆனால் ஐயா எழுதினார்: "ஓசை சரி. பொருட்குற்றம். கம்பீரமாய்ச் சொன்னவர் கெஞ்சுவாரா? ஐந்து மதிப்பெண்." தப்பிக்க இருந்த ஒரே வழியையும் அவரே அடைத்துப் பூட்டிவிட்டது அவருக்குத் தெரியவில்லை.

இருந்தும் ஒரு வாரம் ஓடிப்போயிற்று. தாள் நிறையப் பூஜ்யம். லிஃப்ட் அப்படியே. பல்லக்கா சோர்ந்து போனாள். ராத்திரிச் சாப்பாட்டின்போது கதை முழுவதையும் வீட்டுக்காரரிடம் கொட்டினாள்.

"மதிப்பெண் போடறாரே ஒழிய, மனுஷன் எழுத மாட்டேங்கறாரு. சீண்டி விடணும். எப்படின்னுதான் தெரியலை."

"அந்த வரி என்ன, இன்னொரு தடவை சொல்லு."

சொன்னாள். அவர் தட்டையே பார்த்துக்கொண்டு இருந்தார். உதடு அசைந்தது. விரலால் மேஜையில் தட்டினார், ஹாரன் அடிக்கிற மாதிரி. பிறகு, பஸ் நிறுத்தத்தின் பேர் சொல்கிற அதே குரலில் சொன்னார்:

"மூளை எனக்கில்லை பார்."

பல்லக்கா கையில் இருந்த கரண்டி கீழே விழுந்தது. விரல்விட்டு எண்ணினாள். திரும்ப எண்ணினாள். ஓசை ஓடுது! எதுகை நிக்குது!

"ஏங்க! வெண்பா! உங்க வாயில வெண்பா!"

"என்னது, இதுவா? சும்மா வந்துச்சு. பின்னாடி வர்ற வண்டிக்கு வழிவிடாம போறவனைத் திட்டறதுக்குன்னு எத்தனை வருஷமா மனசுக்குள்ள வச்சிருக்கேன். உனக்கில்லைங்கறதை எனக்கில்லைன்னு மாத்தினேன், அவ்வளவுதான்." சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து எத்தனை நாளாயிற்று! இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார், மேல்மாடியில் தண்ணீர்த் தொட்டி தளும்பியது.

விடிந்ததும் அந்த வரியைக் கொட்டை எழுத்தில் எழுதிவிட்டு வந்தாள். செய்தி படிக்கட்டில் ஓடியது. ஐயா நடைப்பயிற்சி முடித்து வரும்போது லிஃப்ட் வாசலில் நிற்க இடமில்லை. தையல்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு, வக்கீல் ஒரு கன்னத்தில் மட்டும் சவரம் செய்துகொண்டு.

ஐயா படித்தார். சிவப்புப் பேனாவை உருவினார். விரல்விட்டு எண்ணினார். முகம் சுளிக்கத் தயாராக இருந்தது, சுளிக்க இடம் கிடைக்கவில்லை.

"தளை தட்டுதாங்கய்யா?" என்றார் தையல்காரர், பவ்யமாக.

"தட்டலை," என்றார் ஐயா. அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவர் பட்ட பாடு, வேர் வளைந்த கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினால்கூடப் பட வேண்டியதில்லை. "ஆனா பொருட்குற்றம். கம்பீரமாச் சொன்னவர்…"

"தன் குறையைத் தானே சபையில ஒத்துக்கறதைவிடக் கம்பீரம் உண்டாங்கய்யா?" என்றாள் பல்லக்கா. "எனக்கு அதைப் படிச்சதும் உங்க மேல மரியாதை கூடிப்போச்சு."

"இது நான் சொன்னதில்லையே!"

"வெண்பாவுல அப்படித்தானே இருக்கு? வேணும்னா கிழிச்சிடுங்க."

ஐயாவின் கை தாள்வரை போயிற்று. நின்றது. பிழையில்லாத வெண்பா. கொள்கை. அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கிழிக்கவும் முடியாது, விட்டுவைக்கவும் முடியாது. விட்டால் லிஃப்ட் கதவில் காலாகாலத்துக்கும் அவருக்கு மூளை இருக்காது. இதைவிட நல்ல அடி ஒன்றை அவர் எழுதினால்தான் உண்டு.

"கிழிப்பானேன்?" என்றார். குரலில் வகுப்பறை திரும்பி வந்திருந்தது. "ஈற்றடின்னா என்னன்னு காட்டறேன், பாருங்க." கண்ணை மூடினார். காளை, வேளை, பாளை என்று உதடு தேடியது. கண் பளிச்சென்று திறந்தது. கயிற்றுப் பேனாவைத் தொடவில்லை. சொந்தப் பேனாவாலேயே, முத்து முத்தாக எழுதினார்:

நாளை சரிசெய்வேன் நான்.

"ஆகா!" என்றாள் பல்லக்கா. நடிப்பில்லை, அடி அவ்வளவு அழகு. "மோனை நிக்குது, எதுகை நிக்குது, கம்பீரமும் நிக்குது! நூத்துக்கு நூறு!"

எல்லோரும் கைதட்டினார்கள். ஐயா பூரித்துப்போய், பழக்கதோஷத்தில், கீழே கையெழுத்துப் போட்டார். தேதியும் போட்டார். வக்கீல் போனில் படம் எடுத்தார்.

பேனாவை மூடும்போதுதான் ஐயாவுக்கு உறைத்தது. "இது… இலக்கிய நோக்குல…"

"எழுத்து மூலமா இருக்கு," என்றார் வக்கீல், நுரைக் கன்னத்தோடு. "கையெழுத்து, தேதி, சாட்சிக்கு இத்தனை பேர். நாளைன்னா நாளைதான்."

"வார்த்தையை மாத்தினா தளை தட்டுமேங்கய்யா," என்றார் தையல்காரர்.

ஐயா கூட்டத்தைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். அவர் வாழ்நாளிலேயே எழுதிய ஆகச் சிறந்த அடி அது, அவருக்கே தெரிந்தது. அதைப் பொய்யாக்க எந்தத் தமிழாசிரியருக்கு மனசு வரும்? முதுகை நிமிர்த்தினார். நிஜமாகவே காளை மாதிரி இருந்தது. "எங்கே அந்தக் காகிதம்?" என்று கர்ஜித்தார்.

மறுநாள் காலையிலேயே மெக்கானிக் வந்தார். கதவுப் பக்கம் மாட்ட வேண்டிய சின்ன சாமானைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். "இதை அன்னையிலேருந்து பையிலயே வச்சுக்கிட்டுத் திரியறேன். ஐயா ஒரு 'ம்' சொல்லலை." ஒரு டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. பெட்டி முனகியது, சிலிர்த்தது, விளக்குப் போட்டுக்கொண்டு மேலே கிளம்பியது. ஒவ்வொரு மாடியிலும் ஆரவாரம். விமானம் கண்டுபிடித்த அன்றைக்குக்கூட இவ்வளவு சத்தம் கேட்டிருக்காது.

சாயங்காலம் நாலாம் மாடியில் பல்லக்காவின் வீட்டுக்காரர் சலவைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, கைத்தடியோடு காத்திருந்தார். கதவு திறந்தது. உள்ளே போய்ப் பொத்தானை அவரே அழுத்தினார். "எல்லாரும் உள்ளே தள்ளி நில்லுங்க, வண்டி கிளம்புது" என்றார். தரைத்தளத்தில் கதவு திறந்தபோது எதிரே ஐயா, வருகிற போகிறவர்களுக்கெல்லாம் தன் ஈற்றடியின் நயத்தை விளக்கிக்கொண்டு நின்றார்.

"நல்ல அடிங்கய்யா," என்றார் வீட்டுக்காரர்.

"நன்றி. அதுக்கு மேல இருக்கே, மூளைன்னு ஒண்ணு, அதுவும் மோசமில்லை. யார் எழுதினதுன்னுதான் தெரியலை."

"யாரோ டிரைவரா இருக்கும்," என்று சொல்லிவிட்டு அவர் தெருவில் இறங்கினார்.

பல்லக்கா வாசல்வரை வந்தாள். "பார்த்துப் போங்க! இருட்டறதுக்குள்ள வந்துடுங்க! நான் வேணா கூட வரட்டுமா?"

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தடியைத் தூக்கி, போ போ என்று பின்னால் ஆட்டினார். தெருமுனையில் சலூன் வாசலில் இரண்டு கிழக்குரல்கள் முட்டிக்கொள்கிற சத்தம் கேட்டது. "இத்தனை நாளா பயந்து ஒளிஞ்சுக்கிட்டியா?" "யாருய்யா பயந்தது? எடு பலகையை!"

விளக்கு வைத்து வெகுநேரம் கழித்துப் பல்லக்கா கூப்பிடப் போனாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். முகமெல்லாம் பவுடர், கண்ணெல்லாம் கோபம், காய் ஒன்று குழியின் விளிம்பில் நின்றுகொண்டிருந்தது.

"வீட்டுக்கு வரலையா?"

"லிஃப்ட் இருக்குல்ல? எனக்கு வழி தெரியும். நீ போ," என்றார் அவர், பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல்.