கூட ஒருவர் இலவசம்

வியாழக்கிழமை காலையில் பிரிட்டோ தன் மினி லாரியிலிருந்து நாற்காலிகளை இறக்கும்போதே கவனித்துவிட்டேன். வழக்கமான சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள் இல்லை. பஞ்சு வைத்து, வெள்ளை உறை மாட்டி, முதுகில் தங்க நிற நாடா கட்டிய கல்யாண மண்டபத்து நாற்காலிகள். வில்லியனூரில் பந்தல் கடை வைத்திருக்கும் பிரிட்டோ எங்கள் அபிஷேகப்பாக்கத்தில் எத்தனையோ சாவுக்குப் பந்தல் போட்டிருக்கிறான். உறை போட்ட நாற்காலி வந்து நான் பார்த்ததில்லை.

"இன்னா பிரிட்டோ, துக்கமா, ரிசப்ஷனா?" என்று மதிலுக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன்.

"பச்சையப்பண்ணன் சொல்லிட்டாருக்கா. ராஜ்மோகன் சார் வர்றாருல்ல. அவரு எந்த மாதிரி எடத்துலலாம் உக்கார்றாருன்னு நீங்கதான ஊருக்கே காட்டினீங்க?"

உண்மைதான். நான்தான் காட்டினேன்.

இறந்தவர் சிங்காரவேலு மாமா. உறவு இல்லை, பக்கத்து வீடு. முப்பது வருடமாக மாமா. ஆறு காணி நெல்லும் கரும்பும் வைத்திருந்தவர். ஒரே மகன் ராஜ்மோகன், ஏதோ ஒரு பெரிய கம்பெனிக்காக நாடு நாடாகப் பறக்கிறவன். மகள் செல்வகுமாரியைத் திருக்கனூரில் கொடுத்திருக்கிறது. ராஜ்மோகனுக்கு வேலை என்னவென்று சின்னபொண்ணு அத்தையிடம், அதாவது அவனைப் பெற்றவளிடம் கேட்டால், "ஏரோப்ளேன்ல போவுற வேலை" என்பாள். அதுவும் தப்பில்லை. போகிற வழியில் விமான நிலையங்களில் பணக்காரர்கள் காத்திருக்கிற லவுஞ்சுகளில் உட்கார்ந்து, அங்கே சோபா எப்படி, சாப்பாடு எப்படி, குளிக்க வெந்நீர் வருகிறதா, காலை நீட்டிப் படுக்க இடம் உண்டா என்றெல்லாம் பார்த்து மார்க்குப் போடுவான். 'பத்துக்கு எத்தனை?' என்று யூடியூப் சேனல். வாராவாரம் வெள்ளிக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு ஒரு வீடியோ. ஒரு நிமிடம் முன்னே இல்லை, பின்னே இல்லை.

அந்த நேரம் எனக்கு அவ்வளவு துல்லியமாகத் தெரியக் காரணம் மாமாதான். அவரிடம் இருந்தது பட்டன் போன். வெள்ளிக்கிழமை ஒன்றேகாலுக்கே சாப்பிட்டு முடித்து, ஈரக்கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே எங்கள் வீட்டு வராந்தாவுக்கு வந்து மர நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். "மவாலட்சுமி, வந்துச்சா?" என்பார். "இன்னும் அஞ்சு நிமிசம் மாமா" என்பேன். வீடியோ வந்த மணி போனில் அடித்ததும் அதை அவர் கையில் கொடுத்துவிட்டு நானும் தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பேன். துபாயில் மூன்று லவுஞ்சு, தில்லியில் இரண்டு, தோகாவில் உள்ளேயே நீச்சல் குளம். ராஜ்மோகன் தட்டில் ஒவ்வொன்றாக வைத்துக் காட்டுவான். "இங்க பெரிய பிளஸ் இன்னான்னா, அனவுன்ஸ்மென்ட்டே கிடையாது. ஃப்ளைட்டக் கூப்புடற சத்தமே கேக்காது. அவ்ளோ அமைதி" என்று கண்ணை மூடிச் சாய்ந்து காட்டுவான். மாமாவும் கண்ணை மூடிச் சாய்வார்.

நாலு வருடத்தில் மாமா பெரிய நிபுணராகிவிட்டார். டீக்கடையில் உட்கார்ந்து, "டெல்லில வெறும் ரொட்டிதான்யா. சோறுன்னா துபாய். சிங்கப்பூர்ல சூப்பு நல்லாருக்கும், ஆனா எடம் கெடைக்காது" என்பார். அவர் போன தூரம் கிழக்கே புதுச்சேரி, மேற்கே விழுப்புரம். வில்லியனூர்க் கோயில் அன்னதானத்துக்குப் பத்துக்கு ஆறு போட்டார், ரசம் ஆறிப்போயிருந்ததாம். பையன் வருடத்துக்கு ஒரு முறை வரும்போது கொண்டுவந்து கொட்டுகிற சாமான்களில் கண்ணை மூடிக்கொள்கிற கறுப்புத் துணி ஒன்று இருந்தது. மோட்டார் கொட்டகையில் அதைக் கட்டிக்கொண்டு மதியம் தூங்குவார். ஒரு முறை பார்த்துவிட்டு நான் கொள்ளைக்காரன் என்று அலறிவிட்டேன்.

நானும் சும்மா இருக்கவில்லை. அவர் லவுஞ்சுக்கு மார்க்குப் போட்டால் நான் சாவு வீட்டுக்குப் போட்டேன். அதிகம் போய்வருகிறவள் நான்தானே. எந்த வீட்டில் டீயில் ஏலக்காய் இருந்தது, எந்த வீட்டில் தண்ணீர் கேன் பதினொரு மணிக்கே காலி, எந்த மருமகள் கண்ணில் ஈரமே இல்லை. மாமா சிரிப்பார். "என் வூட்டுக்கு எவ்ளோ போடுவ?" என்று ஒரு நாள் கேட்டார். "உங்க புள்ள வந்து நின்னா பத்துக்குப் பத்து மாமா" என்றேன்.

ஒரு வீடியோவில் ராஜ்மோகன் தன் அட்டையைக் காட்டினான். கறுப்பாக, பெயர் பொறித்து. இந்த அட்டை வைத்திருந்தால் கூட ஒருவரை இலவசமாக உள்ளே கூட்டிப்போகலாமாம். மாமா வீடியோவை நிறுத்தச் சொன்னார்; திரும்பப் போடச் சொன்னார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "அந்த ஒரு ஆளு நாந்தான்" என்றார். அடுத்த மாதமே பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டார். போட்டோவில் சட்டைப் பித்தானைக் கழுத்து வரைக்கும் போட்டுக்கொண்டு திருடன் மாதிரி இருந்தார். பாஸ்போர்ட் வந்து மூன்று வருடமாயிற்று. "இந்தப் பொங்கலுக்கு அப்புறம் பார்க்கலாம்ப்பா" என்று ராஜ்மோகன் சொல்லி மூன்று பொங்கல்.

நாலாவது பொங்கலுக்குப் பத்து நாள் முன்பு, புதன்கிழமை சாயங்காலம், மடை திறந்துவிட்டு வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான்.

ராஜ்மோகன் அப்போது ஜெர்மனியில் இருந்தான். போனில் அழுதான் என்று செல்வகுமாரி சொன்னாள். "மொகத்த மூடிடாதீங்க, நான் வந்து பாத்துட்டுதான் எடுக்கணும்" என்று அத்தையிடம் மூன்று தடவை சத்தியம் வாங்கினானாம். ஐஸ் பெட்டி வந்தது, மாமாவை அதில் வைத்தார்கள், கண்ணாடி மேல் மாலை. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் வந்துவிடுவதாகப் பேச்சு. வெள்ளி விடியற்காலையில் துபாயிலிருந்து செய்தி வந்தது. பனிமூட்டமாம், விமானம் எடுக்கவில்லையாம், சாயங்காலம் ஐந்து மணிக்குள் எப்படியும் வந்துவிடுவேன் என்று.

பங்காளிகளில் மாமாவுக்கு அடுத்துப் பெரியவர் பச்சையப்பன். மாமாவோடு இருபது வருட வரப்புத் தகராறு உள்ளவர். சாவுக்கு மட்டும் முன்னால் நின்று எல்லாம் செய்தார். விரல் விட்டு எண்ணினார். "மூணுலேர்ந்து நாலரை எமகண்டம். எடுத்தா அதுக்கு முன்னாடி எடுக்கணும், இல்லாங்காட்டி நாலரைக்கு மேல. பொழுது சாயறதுக்குள்ள ஆவணும். சரி, அஞ்சு மணி. புள்ள கையால ஆவட்டும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். உறை போட்ட நாற்காலிகளில் இரண்டாவது நாளாக உட்கார்ந்திருந்தவர்களுக்கு முதுகு வலித்தது. சிலருக்குக் கரும்பு வெட்டு நின்றுபோயிருந்தது. ஆனாலும் தலையாட்டினார்கள்.

மணி ஒன்றரை. என் இடுப்பில் சொருகியிருந்த போனில் மணி அடித்தது.

எடுத்துப் பார்த்தேன். 'துபாய்ல மூணு லவுஞ்ச்: திரும்பவும் ஒரு ரவுண்டு. பத்துக்கு எத்தனை?' தட்டினேன். ராஜ்மோகன் சிரித்துக்கொண்டிருந்தான். நீலச் சட்டை. கையில் தட்டு, தட்டில் இறால். "வாங்க, இன்னைக்கு நல்லா சாப்புடப் போறோம்" என்றான். பந்தலில் சத்தம் இல்லாத நேரம் அது. அவன் குரல் தெளிவாகக் கேட்டது. பக்கத்தில் இருந்தவள் எட்டிப் பார்த்தாள். நான் மறைக்கவில்லை. செய்தி என் கையில் இருக்கும்போது என் உடம்பு ஓரிடத்தில் நிற்காது, அது ஊருக்கே தெரியும். "துபாய்லதான் இருக்காப்ல" என்றேனோ, "துபாய் வீடியோ போட்டிருக்காப்ல" என்றேனோ, இப்போது சரியாக நினைவில்லை. போன் கை மாறி, கை மாறி, பச்சையப்பன் கைக்குப் போனது.

அவர் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "அப்பன் பொட்டில கெடக்கறான். இவன் எறா துன்னுனு இருக்கான்."

செல்வகுமாரி உடனே அண்ணனைக் கூப்பிட்டாள். சுவிட்ச் ஆஃப். திரும்பவும் கூப்பிட்டாள். சுவிட்ச் ஆஃப். "போன அணைச்சு வச்சுட்டு சாப்புடறான்க்கா" என்று என் தோளில் அடித்துக்கொண்டு அழுதாள்.

அத்தை மட்டும் பெட்டிப் பக்கத்திலிருந்து எழுந்து என்னிடம் வந்தாள். இரண்டு நாளாகத் தண்ணீர்கூடச் சரியாகக் குடிக்காத முகம். "மவாலட்சுமி, நீதான இதெல்லாம் பாப்ப. அது இன்னிக்கு எடுத்ததாம்மா?" என்று கேட்டாள்.

பந்தலே என்னைப் பார்த்தது. அத்தனை பேரும் என் வாய்க்காகக் காத்திருந்தது அதற்கு முன்பு நடந்ததில்லை.

"இப்பதான் வந்துச்சு அத்தை" என்றேன்.

பொய் இல்லை. இப்போதுதான் வந்தது. என்றைக்கோ எடுத்து வைத்ததைத் தேதி, மணி போட்டுவிட்டால் தானாகப் போய்ச் சேரும் என்று ராஜ்மோகனே ஒரு வீடியோவில் சொல்லியிருந்தான். மாமாவும் நானும் சேர்ந்துதான் பார்த்தோம். அது அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவே இல்லை என்றுதான் கேட்கிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டேகாலுக்கு மேளம் தொடங்கியது. குளிப்பாட்டினார்கள், கோடி போர்த்தினார்கள், வெடி வைத்தார்கள். எமகண்டத்துக்கு முன்பே எடுத்துவிட்டார்கள். அத்தை தடுக்கவில்லை, "அவன் கேட்டான், நான் சரின்னு சொன்னேன்" என்பதையே பெட்டி இருந்த இடத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். பச்சையப்பனின் மகன் தீச்சட்டி தூக்கினான்.

ஆண்கள் போன பிறகு வீட்டைக் கழுவிவிட்டு, பெண்கள் குழாயடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டோம். ஈரப் புடவையோடு பின்கட்டுக்குப் போனவள் ஜன்னல் திட்டில் செல்வகுமாரியின் போன் துடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். 'அண்ணா' என்று இருந்தது. அதற்குக் கீழே, பதினேழு தவறிய அழைப்புகள். முதல் அழைப்பு ஒன்று ஐம்பத்திரண்டுக்கு.

நான் எடுக்காமல் இருந்திருக்கலாம். போன் அடித்தால் எடுக்காமல் இருக்க எனக்குத் தெரியாது.

"குமாரி!"

"நான் மகாலட்சுமிப்பா."

"அக்கா, மூலக்குளம் வந்துட்டேன்க்கா. டிராஃபிக்கா இருக்கு. இன்னும் இருபது நிமிசம். இன்னாக்கா யாருமே எடுக்கல? அப்பாவ எடுத்துடாதீங்கக்கா, சொல்லுங்க. இருபதே நிமிசம்."

மணி நாலு ஐம்பது. தென்னந்தோப்புக்கு அப்பால் புகை நேராக எழும்பிக்கொண்டிருந்தது. இந்த ஊரில் எந்தச் செய்தியையும் என்னை முந்திக்கொண்டு யாரும் சொன்னதில்லை.

"வாப்பா" என்றேன்.

காரிலிருந்து இறங்கியபோது விமானத்தில் தூங்குவதற்காகக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொள்கிற சாம்பல் நிறத் தலையணை அவன் கழுத்தில் அப்படியே மாட்டியிருந்தது. கழற்றக்கூட நினைவில்லை. பந்தலுக்குள் ஓடிவந்தவன், பெட்டி இருந்த இடத்தில் ஈரத் தரையையும் விளக்கையும் பார்த்து நின்றான். பிரிட்டோவின் ஆட்கள் நாற்காலிகளை அடுக்கத் தொடங்கியிருந்தார்கள். எஞ்சியிருந்த ஒன்றில் உட்கார்ந்தான். சுடுகாட்டிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்த பச்சையப்பன்தான் தன் மகன் போனில் அந்த வீடியோவை எடுத்து முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இது இன்னாடா?"

ராஜ்மோகன் வெகுநேரம் பார்த்தான். "இது நவம்பர்ல எடுத்தது சித்தப்பா. வெள்ளிக்கெழம ஒன்றரைக்குத் தானா போவும். நான் அப்ப ஃப்ளைட்டுல மேல இருந்தேன்." பிறகு யாருக்கும் இல்லாமல் சொன்னான்: "நான் லவுஞ்ச் பக்கமே போவல. உள்ள போனா ஃப்ளைட்டக் கூப்புடறது கேக்காதுன்னு, ஃப்ளைட் ஏறுற கேட் வாசல்ல தரையில உக்காந்துனு இருந்தேன். ஏழு மணி நேரம்."

செல்வகுமாரி என்னைப் பார்த்தாள். பச்சையப்பன் பார்த்தார். நான் அடுக்கிய நாற்காலிகளின் தங்க நாடாவைப் பார்த்தேன். அத்தை ஒரு டம்ளரில் டீ கொண்டுவந்து மகன் கையில் வைத்து, கழுத்துத் தலையணையைக் கழற்றி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு அவளும் அழவில்லை, அவனும் அழவில்லை. பிரிட்டோ மட்டும் அந்த ஒரு நாற்காலிக்காக இருட்டும்வரை லாரியில் காத்திருந்துவிட்டு, கேட்காமலே போய்விட்டான்.

இந்த வெள்ளிக்கிழமை. மதிலுக்கு அந்தப் பக்கம், மொட்டைத் தலையோடு ராஜ்மோகன் கரும காரியத்துக்கான பொருள் பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஒரு வாரம் ஓட்டிவிட்டோம். ஒன்றேகாலுக்கு எங்கள் வராந்தாவில் நிழலாடியது. சின்னபொண்ணு அத்தை. ஆறுமாதத்துக்கு ஒரு முறைகூட எங்கள் படி ஏறாதவள். மாமாவின் மர நாற்காலியில் உட்கார்ந்தாள். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"வந்துச்சா?" என்றாள்.

ஐந்து விரலைக் காட்டினேன். இரண்டு பேரும் காத்திருந்தோம். மணி அடித்தது. அவன் நிறுத்திவைக்க மறந்திருப்பான். தட்டிவிட்டு போனை அவள் கையில் கொடுத்தேன்.

அதே சிரிப்பு, தலை நிறைய முடி. சிங்கப்பூராம். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் விமானங்கள். சூப்பு ஆவி பறந்தது. "இங்க ஒரு நல்ல விஷயம், கூட ஒருத்தர ஃப்ரீயா கூட்டினு வரலாம்" என்று சொல்லி, கேமராவை மெதுவாக எதிர்ப்பக்கம் திருப்பினான்.

"எதுருல உக்காந்துனு இருக்கறது யாரு?" என்றாள் அத்தை.

"யாரும் இல்ல அத்தை. அவர் பை."

அவள் தொட்டுப் பார்க்க விரலை வைத்தாள். படம் அங்கேயே நின்றுவிட்டது. சாம்பல் நிறச் சோபாவில், முதுகு சாய்ந்து, வாரை மடியில் போட்டுக்கொண்டு, அந்தப் பை உட்கார்ந்திருந்தது.