அவன் கேட்ட தண்ணி

விசாரணை அறையில் ஒழுங்குக் குழுத் தலைவர் விதியை வாசித்தார். போதையில் இருக்கும் மாணவர் தானே உதவி கேட்டால் தண்டனை கிடையாது. பல்கலைக்கழக ஆதரவு மையத்துக்கு அனுப்புவார்கள். விடுதியில் குடித்துக் கலாட்டா செய்தால் வெளியேற்றம்.

என் அறைத் தோழன் நெட்டை இதில் எந்தப் பக்கம் என்பதுதான் கேள்வி. அவன் தலையைத் தொங்கப்போட்டிருந்தான். அவனுக்கு எதுவுமே ஞாபகமில்லை. நான் அப்போது ஆய்வகத்தில் இருந்தேன். பார்த்தவர் வார்டன் ஒருவர்தான்.

"பட்டப்பகல்ல சார்! வராண்டாவுல விழுந்து கெடக்கறான். என்னடான்னு கேட்டா, தண்ணி குடு, தண்ணி குடுங்கறான். அவ்வளவு குடிச்சும் அடங்கல. அதுவும் என்கிட்டயே கேக்கறான்!"

கூட வந்திருந்த நெட்டையின் அக்கா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். 'தண்ணி' என்ற சொல் மட்டும் எனக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. எங்கேயோ இடித்தது. எழுந்துவிட்டேன்.

"சார், இவன் சரக்கைத் தண்ணின்னு சொல்லவே மாட்டான்."

"வேற எப்படிச் சொல்வான்?"

"மருந்துன்னு. தினமும் ரூம்ல, மருந்து சாப்பிடணும்டான்னுதான்…"

நாக்கைக் கடித்துக்கொண்டேன். 'தினமும்' வெளியே போய்விட்டது.

"அடப்பாவி," என்று நெட்டை முணுமுணுத்தான். அக்கா அவனை முறைத்தாள்.

"அப்ப கேட்டது குடிக்கிற தண்ணியா?" என்றார் தலைவர்.

"ரெண்டுமே குடிக்கிறதுதானே சார்," என்ற வார்டனின் முகம் சட்டென்று மாறியது. "கையைக் குழாய்ப் பக்கம்தான் நீட்டினான். நான்தான் வேற மாதிரி எடுத்துக்கிட்டேன்."

தலைவர் தாடையைத் தடவினார். "ஒரு டம்ளர் தண்ணி கேட்டதை உதவி கேட்டதா எடுத்துக்க முடியுமா?"

முடியாது என்று சொல்லிவிடுவார் போலிருந்தது. அப்போது நெட்டை எழுந்தான்.

"அன்னிக்கு எதுக்குக் கேட்டேன்னு எனக்கே தெரியல சார். இப்ப தெரிஞ்சுதான் கேக்கறேன். தினமும்னு இவன் சொன்னது உண்மை. விட்டுப் பார்த்தேன், தனியா முடியல. உதவி பண்ணுங்க."

அத்தனை நாள் ஒரே அறையில் படுத்தும் இந்த வார்த்தைகள் என் காதில் விழுந்ததில்லை. நானும் கேட்டதில்லை.

"எப்ப கேக்கணும்னு விதி சொல்லல," என்றார் தலைவர் மெதுவாக. "வார்டன், நீங்க என்ன சொல்றீங்க?"

"கேட்டுட்டானே சார். இந்தத் தடவை எனக்கும் சரியாக் கேட்டுச்சு."

படிப்பு தொடரும், மையத்துக்கு இன்றே போக வேண்டும் என்று முடிவானது. வெளியே வந்ததும் அக்கா அவன் காதைத் திருகினாள். "மருந்தாம்ல மருந்து!" அடுத்த நொடியே அவன் தோளில் சாய்ந்து ஓவென்று அழுது, அழுகையோடு சிரித்தாள்.

மையத்தின் கதவு வரை மூன்று பேரும் நடந்தோம்.

"நானே போறேன்க்கா," என்றான்.

கதவைத் தள்ளிக்கொண்டு நிமிர்ந்த தலையோடு உள்ளே போனான். 'சத்தம் போடாதீர்கள்' என்ற பலகைக்குக் கீழே நின்று நாங்கள் இருவரும் கைதட்டினோம்.