ஒரு பூச்சு சுண்ணாம்பு

கோழிப்பண்ணை மேனேஜர் பூட்டைத் திறந்தபோது எனக்கு உள்ளே போகக் கால் வரவில்லை. பதினோரு வருஷம் குடியிருந்த வீடு. அடுப்பிருந்த இடத்தில் இப்போது தீவன மூட்டைகள்.

என் வீட்டுக்காரர் மாது இந்தப் பண்ணையில் மோட்டார் போடப் போய்க் கரண்ட் அடித்துச் செத்தார். நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டோம். "குடுத்த வூட்டுக்கு என்ன வாடகை பெறுமோ அதுவும் சம்பளந்தாங்க தீர்த்தம்மா அக்கா. அதைச் சேத்தா தொகை கூடும், உங்க பொண்ணு காவியா படிப்புக்கு ஆவும்" என்றாள் வக்கீல் ஹுமேரா. முதலாளியோ, வீடே தரவில்லை, அது குடோன், மாது காரிமங்கலத்திலிருந்து தினம் பஸ்ஸில் வந்துபோன ஆள் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த மனுஷனுக்கு வாய் கூசவில்லை. எங்கள் ரேஷன் கார்டு என் அம்மா ஊரில் இருந்தது, கரண்ட் பில் பண்ணை பேரில். அதனால் தொழிலாளர் அலுவலக அதிகாரி ஹுமேராவோடு நேரில் பார்க்க வந்திருந்தார்.

பார்க்க என்ன இருந்தது? நாலு வெள்ளைச் சுவர்.

அந்தப் புண்ணியத்தைக் கட்டிக்கொண்டவள் நான்தான். சாவு விழுந்த வீட்டை அப்படியே விட்டுப்போனால் அடுத்து வருகிறவர்கள் நம்மை என்ன நினைப்பார்கள் என்று, காரியம் முடிந்த மறுநாளே சுண்ணாம்பு அடித்தேன். ஆணி ஒன்று விடாமல் பிடுங்கினேன். சாவியைக்கூடக் கழுவிக் கொடுத்தேன். என்னைப்போல ஒரு பைத்தியக்காரி இந்த ஜில்லாவில் இருக்கமாட்டாள்.

"குடியிருந்ததுக்கு ஏதாச்சும் அடையாளம் இருக்காம்மா?" என்று அதிகாரி கேட்டார்.

அப்போதுதான் சுண்ணாம்பு அடித்த நாள் ஞாபகம் வந்தது. ஈரம் இருந்தவரை என் வீட்டுக்காரர் சுவரில் எழுதிவைத்திருந்தது அடியில் தெரிந்துகொண்டே இருந்தது. காயக் காயத்தான் மறைந்தது. முழுசாக மறையும்வரை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வெளியே தொட்டியோரம் கிடந்த சொம்பில் தண்ணீர் மொண்டு வந்து கதவோரச் சுவரில் ஊற்றினேன்.

"என்னம்மா பண்ற?" என்றார் மேனேஜர்.

முந்தானையால் துடைத்தேன். மூட்டைக்குக் குறிபோடும் நீல மையில் அவருடைய கோணல் எழுத்து மெல்ல வந்தது. கோழிக்குத் தடுப்பூசி போட்ட தேதிகள். சிலிண்டர் மாற்றிய நாள். காவியா பெரிய மனுஷியான நாள். கடைசியாக, அவர் செத்ததற்கு அடுத்த வாரத்துத் தேதி ஒன்று: 'தீர்த்தம்மா கண் ஆஸ்பத்திரி. லீவு கேக்கணும்.'

ஹுமேரா போனில் படம் எடுத்தாள். அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். "எழுதிக்கிறேன்மா. பாக்கலாம்" என்றார்.

எல்லோரும் ஜீப்புக்குப் போய்விட்டார்கள். ஹுமேரா என்னைக் கூப்பிட்டாள். மேல் வரிகளில் வெள்ளை ஏறி, என் பெயர் மட்டும் மிச்சமிருந்தது. சொம்பை எடுத்துக்கொண்டு மறுபடி தொட்டிக்குப் போனேன்.