இழுத்து முடியும் கோடு

வானொலி ஆர்வலர்களின் ஹாம் ரேடியோ மன்றத்தில் நடந்த மோர்ஸ் மாதிரித் தேர்வில், புள்ளியும் கோடுமாக ஒலித்த இருபத்தைந்து எழுத்துக்குப் பதினொன்றுதான் சரி. விடைத்தாளை மடித்துக் கைப்பைக்குள் திணித்தாள் அவள்.

"வீட்டுல புலி, வெளியில எலின்னு உங்களைப் பார்த்துத்தான் சொல்லியிருக்காங்க போல, அண்ணி" என்றாள் துணைக்கு வந்த நாத்தனார்.

"நீ சும்மா வா."

நாத்தனார் சொன்னதிலும் தப்பில்லை. வீட்டில் கணவன் மோர்ஸ் கீயைத் தட்டினால், சமையல்கட்டிலிருந்தே எழுத்து எழுத்தாகச் சொல்லிவிடுவாள். மின்சுற்றுப் பாடங்களையும் கரைத்துக் குடித்தாயிற்று. மன்றத்துக் கணினி அதே புள்ளியையும் கோட்டையும் ஒலித்தபோதுதான் கை அப்படியே நின்றுபோனது.

பத்து நாளில் உண்மையான தேர்வு. மூன்று வாரத்தில் அவன் நடுக்கடல் தீவொன்றின் வானிலை நிலையத்துக்கு எலக்ட்ரீஷியனாகப் போகிறான், இரண்டு வருஷத்துக்கு. அங்கிருக்கும் தொலைபேசி அவசரத்துக்கு மட்டும். கடிதம் கப்பலில் மாதம் ஒருமுறை. கடல் தாண்டியும் கேட்கும் சிற்றலை வானொலியில் வேண்டுமானால் வாரந்தோறும் பேசலாம். ஆனால் அவளிடம் இருந்தது ஊருக்குள் மட்டும் பேசும் உரிமம். சிற்றலைக்கு அடுத்த படி உரிமம் வேண்டும்; அதற்கு மோர்ஸ் தேர்வில் தேற வேண்டும். இந்த முறை தவறினால் அடுத்த தேர்வு ஒரு வருஷம் கழித்து.

"பயத்துல தடுமாறிட்ட. இன்னும் கொஞ்சம் தட்டுறேன், உக்காரு" என்றான் அவன் அன்று மாலை. தட்டினான். இருபத்தைந்துக்கு இருபத்தைந்து. இருவருக்குமே ஒன்றும் விளங்கவில்லை.

அவள் வேலை பார்ப்பது மூக்குக்கண்ணாடிக் கடையில். மறுநாள் லாரி ஓட்டுநர் ஒருவர் பார்வைச் சான்றுக்காக வந்தார். நாற்காலியில் உட்கார்ந்ததும் எழுத்து அட்டையைக் கடைசி வரி வரை கடகடவென ஒப்பித்தார். அவள் குச்சியை எடுத்து எழுத்தைக் காட்டக்கூட இல்லை.

அவள் சிரித்துக்கொண்டே அட்டையைத் திருப்பி மாட்டினாள். பின்பக்கம் வேறு எழுத்துகள்.

ஓட்டுநர் கண்ணைச் சுருக்கினார். "அந்தப் பக்கமே நல்லா இருந்துச்சேம்மா."

"போன வருஷமும் அந்தப் பக்கம்தானே படிச்சீங்க, அண்ணா? உங்களுக்கு அட்டைதான் தெரியுது. எழுத்து தெரி..."

சொல்ல வந்தது பாதியில் நின்றது. அவளுக்குப் பொறி தட்டியது.

வருஷங்களுக்கு முன் மின்பெட்டிக் கதவில் நசுங்கிய கட்டைவிரல் அவள் கணவனுக்கு. எழுத்தின் கடைசிக் கோட்டை இழுத்துத்தான் விடுவான். அந்த இழுப்பு வந்தால் எழுத்து முடிந்தது என்று அவள் காது பழகியிருந்தது. கணினிக்கு ஏது நசுங்கிய விரல்? எல்லாக் கோடும் ஒரே அளவு. எங்கே ஓர் எழுத்து முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று தெரியாமல் அவள் திண்டாடியிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்: "என்னங்க, தேர்வு முடியிற வரைக்கும் நீங்க எனக்குத் தட்ட வேண்டாம்."

"ஏன், என் கைக்கு என்ன குறைச்சல்?"

"குறைச்சலே அதுதான். நான் மோர்ஸ் கத்துக்கல. உங்க கையைத்தான் கத்துக்கிட்டிருக்கேன்."

அவன் முகம் சுண்டிப்போயிற்று. எட்டு மாதம் பாடம் எடுத்தவனாயிற்றே. இழுக்காமல் தட்டிக் காட்டுகிறேன் என்று கீயைப் பிடித்தான். நான்காவது எழுத்திலேயே விரல் பழைய வழிக்குப் போயிற்று. ஐந்தாவதில் அவனே சிரித்துவிட்டான்.

"சரி, வாத்தியாரை வேலையை விட்டுத் தூக்கியாச்சு" என்றாள் நாத்தனார். "அண்ணா, நீ போய்க் காய் நறுக்கு."

அவன் காய் நறுக்கினான். அவள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கணினி ஒலியையும் வானொலியில் முகம் தெரியாத யார் யாரோ தட்டுவதையும் கேட்டாள். முதல் மூன்று நாள் அழுகைதான் வந்தது. ஆறாம் நாள் பதினாறு எழுத்து. ஒன்பதாம் நாள் இருபது. தேர்வில் இருபத்திரண்டு.

முடிவுத் தாளை அவனிடம் காட்டினாள். மொட்டை மாடியில் தொய்ந்து கிடந்த ஏரியல் கம்பியை அவன் அன்றே இறுக்கிக் கட்டினான். அது போதும் என்றிருந்தது அவளுக்கு.

அவன் கப்பலேறிப் போனபின் வந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, பேசிவைத்த காலை நேரத்தில் வானொலி முன் உட்கார்ந்தாள். ஒரே இரைச்சல். அதற்குள் நாலைந்து பேர் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து தட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லாரையும் இப்போது அவளுக்குப் படிக்கத் தெரிந்தது. ஒருவரும் அவன் இல்லை.

"அண்ணா இன்னும் தூங்குதோ என்னவோ" என்று பக்கத்தில் வந்து நின்றாள் நாத்தனார்.

அவள் கையை உயர்த்தி அடக்கினாள். மழைச் சத்தம் போன்ற இரைச்சலுக்கு அடியில், மெலிதாக ஓர் எழுத்து. அதன் கடைசிக் கோடு வேண்டுமென்றே இழுத்ததுபோல நீண்டு தேய்ந்து நின்றது. தட்டுபவர் யாரென்று சொல்லும் அழைப்புப் பெயர் முடியும்வரை அவள் காத்திருக்கவில்லை.

பதில் தட்டினாள். வணக்கம் சொல்ல நினைத்தவள், "இன்னும் இழுக்கிறது" என்றே அனுப்பினாள்.

இரைச்சலுக்குள்ளிருந்து வந்தது பதில்: "பாடம் தொடரலாமா?"