படத்துக்கு ஊற்றிய தண்ணீர்

கடைசி மேட்டில் வண்டி நின்றுவிட்டது. எட்டுக் குடமும் ததும்பின. முன்னால் இருந்த இரண்டு குடத்துத் தண்ணீர் தங்கச்செல்வியின் பாதத்தில் சிந்தியது. இழுக்கும் கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி அவள் அப்படியே நின்றாள்.

"மூச்சப் பிடிக்காதடி," என்றாள் பின்னால் தள்ளிக்கொண்டு வந்த பிச்சையம்மாள். "டாக்டரம்மா என்ன சொல்லிவிட்டாக?"

"குடம் தூக்கக் கூடாதுன்னாக மதினி. வண்டி இழுக்கக் கூடாதுன்னு சொல்லலயே."

"ஆமா, அதத் தனியாக் கேட்டுட்டு வந்திருக்கணும். வாய்க்கு மட்டும் கொறச்சலில்ல."

கர்ப்பப்பை இறங்கியிருக்கிறது என்று சித்திரையிலேயே அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். பாரம் தூக்காமல் இருந்தால் வளையம் வைத்துச் சமாளிக்கலாம், தூக்கினால் ஆபரேஷன்தான். தூக்காமல் எப்படி? அரண்மனைத் தோட்டத்துக்கென்று இருந்த ஒரே போர்க்கிணறு பங்குனியில் வற்றியது. காற்றை இழுத்து இழுத்து மோட்டாரும் புகைந்தது. அன்றிலிருந்து காலனித் தொட்டிக்கும் தோட்டத்துக்கும் நாளைக்கு ஆறு நடை. குடங்களை இறக்குவதும் செடிகளுக்குச் சுமப்பதும் பிச்சையம்மாள். தங்கச்செல்வி கைவாளியில் பாதி பாதியாக மொண்டு ஊற்றுவாள். ஆனி பிறந்தால் பிச்சையம்மாள் தன் மகளின் பிரசவத்துக்குப் பாலவனத்தம் போகிறாள், திரும்ப ஆறு மாதம் ஆகும். அதற்குள் புதுப் போர் போட்டாக வேண்டும். இல்லாவிட்டால் தங்கச்செல்வி வேலையை விட வேண்டும், அல்லது குடத்தைத் தூக்க வேண்டும்.

அரண்மனை இப்போது ம்யூசியம். சொந்தக்காரர்கள் சென்னையில் இருந்துகொண்டு ஒரு டிரஸ்ட் மூலம் நடத்துகிறார்கள். மேனேஜர் சௌந்தரபாண்டியன் போருக்காக மூன்று கடிதம் எழுதினார். மூன்றாவதுக்குத்தான் பதில் வந்தது. அரண்மனையையும் தோட்டத்தையும் நல்ல கேமராவில் எடுத்து அனுப்புங்கள், விளம்பரத்துக்கும் ஆகும், தோட்டத்தின் நிலையைப் பார்த்துவிட்டுப் போர் பற்றி முடிவு செய்கிறோம் என்று இருந்தது.

மேனேஜர் வாசலிலேயே நின்றிருந்தார். "வண்டிய வேம்படியில விட்டுட்டு வாங்க. கேமராக்காரரு எடுத்து முடிக்கட்டும், பெறகு ஊத்திக்கலாம். காஞ்சது காஞ்சபடி தெரியணும். தெரிஞ்சாத்தேன் போரு."

"அதச் சொல்லுங்க சார் இவகிட்ட," என்றாள் பிச்சையம்மாள். "சும்மா இருக்க மாட்டா."

தங்கச்செல்வி சும்மா இருக்கத்தான் பார்த்தாள். மூன்று மணிக்கு வருகிறேன் என்ற கேமராக்காரர் நாலு மணிக்கும் வரவில்லை. அவள் நீரில்லாத நீரூற்றைச் சுற்றி நடந்தாள். பாதையில் கிடந்த சருகைப் பொறுக்கி மடியில் போட்டாள். நாலடி போனபிறகுதான் மேனேஜர் சொன்னது ஞாபகம் வந்தது. திரும்பி வந்து சருகைப் பழைய இடத்திலேயே உதறினாள். மனசுக்கு என்னவோ போலிருந்தது.

ஜான்ராஜ் நாலரைக்கு வந்தார். அருப்புக்கோட்டையில் ஸ்டுடியோ வைத்திருக்கிறவர், கல்யாண வீடுகள்தான் பிழைப்பு. ஆறரைக்குப் பந்தல்குடி மண்டபத்தில் ஒரு ரிசப்ஷன் இருக்கிறது என்று வண்டியை விட்டு இறங்கும்போதே சொல்லிவிட்டார். பல்லக்கை எடுத்தார், வாள்களை எடுத்தார். ஆளுயரக் கண்ணாடியை எடுக்கப் போனால் எந்தப் பக்கம் நின்றாலும் அதற்குள் அவரே தெரிந்தார். விட்டுவிட்டுத் தோட்டத்துக்கு வந்தார். மேனேஜர் உள்ளே கதவுகளைப் பூட்டிக்கொண்டிருந்தார். பிச்சையம்மாள் எல்லோருக்கும் டீ வாங்கத் தூக்குவாளியோடு ரோட்டுக் கடைக்குப் போயிருந்தாள்.

புல்தரையை ஐந்து படம் எடுத்துவிட்டுக் கேமராவின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவரிடம் தங்கச்செல்வி நெருங்கினாள்.

"எப்பிடி வந்திருக்கு தம்பி? காட்டுங்களேன்."

காட்டினார். தினம் பார்க்கிற தோட்டம்தான். ஆனால் அந்தச் சின்னச் சதுரத்துக்குள் அது யாரும் குடியில்லாத வீட்டுக் கொல்லை மாதிரி இருந்தது. புல் செத்து மண் தெரிந்தது. ரோஜாப் பாத்தியில் முள்ளுக் குச்சிகள். குரோட்டன்ஸ் இலைகளின் மேல் அத்தனை தூசி.

"இங்க தோட்ட வேல யாருக்கா பாக்குறது?" ஜான்ராஜ் அடுத்த இடத்தைத் தேடிக்கொண்டே சும்மாதான் கேட்டார்.

"நாந்தேன்."

சொன்னதும் அவளுக்கு முகம் காந்தியது. பதினோரு வருஷம். நாலு வருஷத்துக்கு முன்னால் அரண்மனைச் சொந்தக்காரரான சென்னையம்மா வந்தபோது, வந்திருந்த அத்தனை பேர் முன்னாலும் இவள் கையைப் பிடித்து, எல்லாம் இவள் வைத்த செடி என்று சொன்னார்கள். அந்தம்மா அல்லவா இந்தப் படத்தைப் பார்க்கப் போகிறார்கள். போர் வற்றியது படத்தில் தெரியுமா? வண்டி இழுத்தது தெரியுமா? தோட்டக்காரி தூங்கிவிட்டாள் என்பதுதான் தெரியும்.

"ஒரு பத்து நிமிசம் பொறுங்க தம்பி. ஒரே பத்து நிமிசம்."

"நேரமில்லக்கா, ரிசப்ஷன்..."

அவள் அதற்குள் வேம்படிக்குப் போய்விட்டாள். முதல் குடத்தை இடுப்புக்கு ஏற்றினாள். குரோட்டன்ஸ் வரிசையில் இலை இலையாகத் தூசியைக் கழுவினாள். இரண்டாவது குடம் செம்பருத்திக்கு. மூன்றாவது பாதைக்கு. சமையல்கட்டுக்குப் பின்னால், பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றியே பன்னிரண்டு ரோஜாத் தொட்டிகளை அவள் காப்பாற்றி வைத்திருந்தாள். அவற்றை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து காய்ந்த பாத்தியை மறைத்து வைத்தாள். ஐந்தாவது தொட்டிக்கு ஜான்ராஜே கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கைகொடுத்தார்.

"காகிதப்பூப் பக்கம் நெருக்கி வைங்கக்கா. இலையில தெளிங்க, இலையில. துளி நிக்கட்டும்."

அவர் கடிகாரம் பார்ப்பதை மறந்துவிட்டார். வெள்ளைச் சட்டையோடு மண்ணில் குப்புறப் படுத்தார். சாய்ந்த வெயில் அரண்மனைச் சுவரில் மஞ்சளாக விழுந்தது. முன்னால் ரோஜா, அதற்குப் பின்னால் காகிதப்பூ, அதற்கும் பின்னால் அரண்மனை. செத்த புல் படத்தில் எங்கேயும் விழவில்லை.

கேமரா சத்தம் கேட்டு வெளியே வந்த மேனேஜர், காலியான குடங்களைப் பார்த்தார், ரோஜாவைப் பார்த்தார். என்னவோ சொல்ல வாயெடுத்தார். ஜான்ராஜ் எழுந்து வந்து படத்தைக் காட்டினார். மேனேஜர் இரண்டு தடவை பார்த்தார்.

"நம்ம அரமனையாய்யா இது," என்றார்.

"மொத எடுத்ததுல அஞ்சு படம் காஞ்சு போயி இருக்கு சார். சேத்து அனுப்பவா?"

மேனேஜர் மூக்கைச் சொறிந்தார். தோட்டம் காய்ந்தால் சென்னையில் முதலில் கேள்வி கேட்பது அவரைத்தான். "நீ என்னம்மா சொல்ற?" என்று தங்கச்செல்வியிடம் கேட்டார்.

"அழிச்சிருங்க தம்பி."

ஜான்ராஜ் மேனேஜர் முகத்தைப் பார்த்தார். மேனேஜர் கையிலிருந்த சாவிக் கொத்தைப் பார்த்தார். ஜான்ராஜ் பட்டனை ஐந்து முறை அமுக்கினார்.

பிச்சையம்மாள் டீயோடு வந்தபோது கேமராக்காரர் போயிருந்தார். எட்டுக் குடமும் வேம்படியில் சாய்ந்து கிடந்தன. தங்கச்செல்வி தூரில் சாய்ந்து, முழங்காலை வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"யாருடி தூக்குனது?"

தங்கச்செல்வி சாய்ந்து கிடந்த குடம் ஒன்றை நிமிர்த்தி வைத்தாள்.

"கூறுகெட்ட செறுக்கி, காஞ்சதக் காட்டுனா ஒன் மானம் போயிருமோ?" பிச்சையம்மாள் தூக்குவாளியைத் திறந்து டீயை ஊற்றினாள். "நான் போனப்பெறகு யாரு வந்து ஒனக்குத் தூக்குவா? இந்தா, டீயக் குடி."

ஆனி பத்தாம் தேதி சென்னையிலிருந்து பதில் வந்தது. மேனேஜர் தங்கச்செல்வியைக் கூப்பிட்டு நிறுத்திவைத்து வாசித்தார். "இந்த வறட்சியிலும் தோட்டம் இவ்வளவு செழிப்பாக இருப்பது மிக்க மகிழ்ச்சி. தற்போதைய ஏற்பாடே போதுமானது என்று தெரிவதால், போர் குறித்து அடுத்த ஆண்டு பரிசீலிக்கலாம். தோட்டக்காரருக்கு எங்கள் பாராட்டுகள்."

"திருப்பி எழுதுங்க சார். காஞ்சு கெடக்குன்னு எழுதுங்க. நான் வேணும்னா கையெழுத்துப் போடுறேன்."

"எப்பிடிம்மா எழுத? அப்ப இந்தப் படம் என்னன்னு கேப்பாகள்ல. எனக்கும் பிள்ள குட்டி இருக்கு."

அவள் கடிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழிக்கச் சொன்ன வாய் அவளுடையது. யாரை நோக?

அடுத்த வாரம் பார்சலில் ஒரு ப்ளெக்ஸ் வந்தது. பத்தடி அகலம். துளி நிற்கிற ரோஜா, காகிதப்பூ, மஞ்சள் வெயிலில் அரண்மனை. வாசல் கம்பியில் கட்டினார்கள். நாலு நாளில் லாரிகள் கிளப்பிய புழுதி அதில் அப்பிவிட்டது.

சனிக்கிழமை காலையில் தங்கச்செல்வி வண்டியை மேடேற்றினாள். பிச்சையம்மாள் பாலவனத்தம் போய் இருபது நாளுக்கு மேல் ஆகியிருந்தது. தனியாக எட்டுக் குடம் இழுக்க முடியவில்லை, ஐந்துதான். மேட்டில் நாலு இடத்தில் சக்கரத்துக்குக் கல் கொடுத்து நின்று வந்திருந்தாள். சமையல்கட்டுக்குப் பின்னால் பன்னிரண்டு தொட்டியில் மூன்று ரோஜாதான் இலையோடு நின்றன. அந்த மூன்றுக்கு முதலில் ஊற்றிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வந்தாள்.

ஆபீஸ் ஜன்னலில் மேனேஜர் தலை தெரிந்தது. "தங்கச்செல்வி, ஸ்கூல் பஸ்ஸு ஒண்ணு விருதுநகர்ல இருந்து வருது. அந்த ப்ளெக்ஸு பூராம் தூசியா கெடக்கு பாரு. பிள்ளைக வாரதுக்குள்ள கழுவி விட்டுரும்மா."

அவள் இடது கையை அடிவயிற்றில் ஊன்றி, வலது கையால் ஒரு குடத்தை இடுப்புக்கு ஏற்றினாள். வாசலுக்கு நடந்தாள். செம்பில் மொண்டு ரோஜாவின் மேல் வீசினாள். செம்மண்ணும் சிமெண்டுத் தூசியும் கலங்கி இறங்கின. பூ சிவப்பாக வெளியே வந்தது. இலைகள் வந்தன, இலைமேல் நின்ற துளிகளும் வந்தன. தண்ணீர் ப்ளெக்ஸின் அடியோரத்தில் சொட்டி, கீழே கரிசல் வெடிப்புக்குள் போய் மறைந்தது. குடம் காலியானது.

"அந்த மேல் ஓரம் இன்னும் மங்கலாருக்கும்மா," என்று ஜன்னலிலிருந்து குரல் வந்தது. "இன்னொரு கொடம் ஊத்திரு."

வண்டியில் நாலு குடம் இருந்தது. தங்கச்செல்வி இரண்டாவதைத் தூக்கப் போனாள்.