இரண்டாவது எஞ்சின்

எஞ்சினை நிறுத்திவிட்டுக் கஸ்பார் சற்று நேரம் நின்றான். சிலிண்டரின் சூடு முகத்தில் அடித்தது. பக்கத்துச் சிமெண்டு மேடை காலியாக இருந்தது. அதில் நான்கு போல்ட்டுகள் மட்டும் நீட்டிக்கொண்டு நின்றன. மேலே ஒரு சாக்கைப் போட்டு மூடியிருந்தான்.

சுவருக்கு அந்தப் பக்கம், இறால் கொட்டகையில், ஒரு தட்டு கேட்டது. டங். முதல் எஞ்சின் ஓடிய சத்தம் காதில் விழுந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம்.

கஸ்பார் கைப்பிடியை அதே எஞ்சினில் மறுபடி மாட்டிச் சுற்றினான். சூடாக இருந்ததால் ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது. ஐந்து நிமிஷம் ஓடவிட்டு நிறுத்தினான்.

டங், டங்.

"இன்னா கஸ்பாரு," சுவருக்கு அப்பாலிருந்து அடைக்கலமேரியின் குரல் வந்தது. "இருமல்காரனுக்குச் சளி போயிடுச்சா? பெரியவன் கணக்கா ஓடறான்!"

பெண்கள் சிரித்தார்கள். இரண்டு எஞ்சின்களுக்கும் பெரியவன், இருமல்காரன் என்று அவர்கள்தான் பேர் வைத்திருந்தார்கள்.

"ஆயிலு மாத்தினேன்கா," என்று கஸ்பார் கத்தினான்.

"அப்டியே உன் பொண்டாட்டிக்கும் ரெண்டு சொட்டு ஊத்து. காலீலேர்ந்து வாயே தொறக்கல."

மறுபடி சிரிப்பு. அதில் மனைவி பிலோமியின் சிரிப்பு இருந்ததா என்று கஸ்பாருக்குத் தெரியவில்லை.

அது எழுபத்து மூன்றாம் வருஷம். அணைகளில் தண்ணீர் இல்லை. ராயபுரத்தில் அந்தப் பகுதிக்குக் காலை பத்து மணிக்குப் போகும் மின்சாரம் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் வரும். காசிமேட்டு இறால் கொட்டகைகளுக்கு அந்த எட்டு மணி நேரமும் டீசல் எஞ்சின் வைத்துக் கரண்டு விற்றவன் எத்திராஜ். அவனிடம் இரண்டு எஞ்சின்கள் இருந்தன. ஒன்று ஓடும், இன்னொன்று சும்மா நிற்கும். ஓடுவது படுத்தால் நிற்பது ஓட வேண்டும். இறால் காத்திருக்காது. அதனால் வெளிநாட்டுக்கு இறால் அனுப்பும் கம்பெனி, இரண்டு எஞ்சின் இருந்தால்தான் கரண்டு வாங்குவோம் என்று எழுதி வாங்கியிருந்தது. தினமும் காலையில், லைன் கரண்டு இருக்கும்போதே, இரண்டையும் ஐந்தைந்து நிமிஷம் ஓட்டிக் காட்ட வேண்டும்.

நேரில் பார்க்க வேண்டியவர் கொட்டகை சூப்பர்வைசர் தேவப்பிரியம். அவருக்கு டீசல் புகை ஆகாது. வெள்ளைச் சட்டைக்கும் ஆகாது. ஒரு காதும் மந்தம். அதனால் வேலையைப் பெண்களிடம் விட்டுவிட்டார். முதல் எஞ்சின் ஓடி நின்றதும் யாராவது ஒருத்தி இடுப்பில் கட்டியிருக்கும் பித்தளை நம்பர் வில்லையால் அலுமினிய பேசினில் ஒரு தட்டு தட்டுவாள். இரண்டாவது ஓடி நின்றதும் இரண்டு தட்டு. தேவப்பிரியம் மேஜையில் உட்கார்ந்தபடியே நோட்டில் இரண்டு 'சரி' போடுவார்.

ஒரு மாசத்துக்கு முன் அடுத்த தெருவில் சுப்புராஜ் என்பவன் கடை விரித்தான். எத்திராஜைவிடக் குறைந்த ரேட். இரண்டு கொட்டகைகள் அவன் பக்கம் போயின. எத்திராஜ் அதற்கும் கீழே இறங்கினான். சுப்புராஜ் இன்னும் இறங்கினான். ஒரு நாள் மத்தியானம் மாட்டு வண்டியோடு எத்திராஜ் வந்து நின்றான்.

"சொம்மா நின்னுக்கினு கீற எஞ்சினுக்கு நான் இன்னாத்துக்கு நைனா ஆயிலு ஊத்தணும்? விம்கோ நகர்ல லேத்துக்காரன் ஒருத்தன் வாடகைக்குக் கேக்கறான்."

"பெரியவன் படுத்துட்டா?"

"படுக்காது. நீ கீற இல்ல?"

"காலீல ஓட்டிக் காட்டணுமே."

"ஒண்ணயே ரெண்டு தபா ஓட்டு. எவன் வந்து எட்டிப் பாக்கறான்?" எத்திராஜ் வண்டிக்காரனிடம் கயிற்றை வீசினான். பிறகு திரும்பி, "சோடா கம்பெனிக்கும் இதுலேர்ந்தே ஒரு ஒயரு இழுத்து வுடு," என்றான்.

கஸ்பார் ஒயரை இழுத்துவிட்டான்.

திருவொற்றியூர் பேக்டரி மூடியபோது பதினான்கு மாசம் அவன் வேலையில்லாமல் இருந்தான். அந்தப் பதினான்கு மாசத்தில் அடைக்கலமேரிதான் பிலோமியை இறால் கொட்டகையில் சேர்த்துவிட்டாள். தன் பக்கத்திலேயே உட்காரவைத்து உரிக்கச் சொல்லிக்கொடுத்தாள். இரண்டு வீட்டுக்கும் ஒரே குழாய்; நடுவில் ஒரே சுவர். எஞ்சின் டிரைவர் வேலை கிடைத்தபோது அடைக்கலமேரி ராயப்பர் கோயிலுக்கு மெழுகுவர்த்தி வாங்கிப்போய் ஏற்றிவிட்டு வந்தாள்.

ஒரே எஞ்சினை முதல்முறை இரண்டு தடவை ஓட்டிய அன்று சாயங்காலம் பிலோமி படிகாரத் தண்ணீரில் விரல்களை ஊறவைத்திருந்தாள். இறால் முள் குத்தி நுனியெல்லாம் வெந்து வெளுத்திருந்தது.

"ரெண்டாவது எஞ்சினு அங்க இல்லதானே?" என்றாள்.

கஸ்பார் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

"இன்னிக்குத் தட்டுனது நானு. என் கையில வில்லய குடுத்து, நீ தட்டுமேன்னுச்சு மேரியக்கா."

"தட்டினா இன்னா? கம்முனு கெட."

"எதுனா ஆச்சின்னா?"

"ஆவாது."

அவள் விரல்களை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டாள். பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. மறுநாளும் தட்டினாள். அதற்கடுத்த நாள் வேறொருத்தி தட்டினாள்.

பெரியவன் படுத்தது ஒரு மாசம் கழித்து, ஒரு வியாழக்கிழமை. காலையில் நிறைய இறால் வந்திருந்தது. பெண்கள் பன்னிரண்டு மணிவரை குனிந்த தலை நிமிராமல் உரித்துக் கழுவி, குளிர் அறைக்குள் அடுக்கிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தார்கள். இரண்டு மணிக்குச் சோடா கம்பெனியில் இன்னொரு மோட்டாரைப் போட்டார்கள். எஞ்சின் ஒருமுறை முனகி வேகம் குறைந்தது. கஸ்பார் எஞ்சினைக் குளிர்விக்கும் தொட்டியை எட்டிப் பார்த்தான், தண்ணீர் கொதித்தது. நிறுத்தப் போவதற்குள் உள்ளே ஏதோ வெடித்த மாதிரி சத்தம். சிலிண்டர் தலையில் விரல் நீளத்துக்கு விரிசல். அதன் வழியாக ஆவி சீறிக்கொண்டு வந்தது.

அவன் சுப்புராஜின் கொட்டகைக்கு ஓடினான். வழியில் குழாயடியில் அடைக்கலமேரி குடத்தோடு நின்றாள்.

"இன்னா கஸ்பாரு, நாய் தொரத்துதா?"

"ஒண்ணுமில்லக்கா."

அங்கே நின்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் பதினேழு பெண்களும் அன்னக்கூடைகளோடு வந்திருப்பார்கள். காசிமேட்டில் எந்தப் படகிலாவது கெஞ்சி, திட்டி, ஐஸ் வாங்கி வந்திருப்பார்கள். அவன் நிற்கவில்லை.

சுப்புராஜின் எஞ்சின் டிரைவர் மண்ணாங்கட்டி பீடியை வாயிலிருந்து எடுக்காமலே கேட்டுக்கொண்டான்.

"ஒரு ஒயரு குடு மாமு. ஆறு மணி வரிக்கும். எறா போயிடும்."

"எங்கேர்ந்து குடுக்கறது? கீறதே இழுக்க மாட்டாம இழுத்துக்கினு கீது. தொட்டுப் பாரு."

"ரெண்டாவது எஞ்சின ஓட்டேன்."

மண்ணாங்கட்டி சிரித்தான். "எந்த ரெண்டாவது? உங்காளு ரேட்ட எறக்கனான். எங்காளு அத்த வித்துட்டான். நானும் ஒண்ணயேதான் ரெண்டு தபா சுத்திக்கினு கீறேன்." பிறகு பீடியை எடுத்துவிட்டு, "உன்தும் அதே கததானா?" என்று கேட்டான்.

கஸ்பார் திரும்பி வந்தான். குளிர் அறைக் கதவின் அடியிலிருந்து தண்ணீர் கசிந்து வாசல்வரை வந்திருந்தது. தேவப்பிரியத்தைக் காணோம். மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வண்ணாரப்பேட்டைக்குப் போயிருந்தார். மேஜையில் குளிர் அறை நோட்டு திறந்திருந்தது. அதில் மூன்று மணிக்கும், நான்கு மணிக்கும், ஐந்து மணிக்கும் அறையின் சூடு எத்தனை டிகிரி என்று அழகான கையெழுத்தில் முன்னாலேயே எழுதியிருந்தது. மூன்று அடிக்க இன்னும் கால் மணி நேரம் இருந்தது.

நான்கு மணிக்கு எத்திராஜ் வந்தான். விரிசலைத் தடவிப் பார்த்தான். தேவப்பிரியம் வந்ததும் அவரைத் தனியாக அழைத்துப்போய்ப் பேசினான். இருட்டுவதற்குள் இருமல்காரன் விம்கோ நகரிலிருந்து மாட்டு வண்டியில் வந்துவிட்டான். கஸ்பாரே போல்ட்டுகளை முடுக்கினான்.

"பெரியவன் நின்னான். உடனே இத்த ஓட்டுனே," என்று எத்திராஜ் சொல்லிக்கொடுத்தான். "அவ்ளோதான். அதுக்கு மேல ஒண்ணும் பேசாத. பேசினா எனக்கு எஞ்சினு போவும். உனக்கு வேல போவும். இன்னா?"

கஸ்பார் ஸ்பானரைத் துடைத்துப் பெட்டியில் வைத்தான்.

மறுநாள் காலை கம்பெனியிலிருந்து ஒருவர் காரில் வந்தார். பெட்டிகளை இறக்கி வாசலில் திறந்தார்கள். இறால் ஓரமெல்லாம் கறுத்து, பிசுபிசுத்து, நாறியது. அவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எஞ்சின் கொட்டகைக்குப் போய்ப் பார்த்தார். வெடித்தது ஒன்று, நல்லது ஒன்று. திரும்பி வந்து இரண்டு நோட்டுகளையும் புரட்டினார். எஞ்சின் நோட்டில் சரி, சரி. குளிர் அறை நோட்டில் ஐந்து மணிவரை சூடு ஏறவில்லை.

பெண்களை வரிசையாக நிற்கச் சொன்னார்.

"நேத்துக் காலைல ரெண்டு எஞ்சினும் ஓடிச்சா?"

"ஓடிச்சு சார்," என்றாள் அடைக்கலமேரி.

"நீங்க கேட்டீங்களா?"

"கேட்டுத்தான் சார் தட்னோம். டெய்லி நாங்கதான் தட்றோம்."

"அப்ப கரண்டு நிக்கல. ரூமும் சரியா இருந்திருக்கு." அவர் நோட்டை மூடினார். "உரிக்கும்போதே கெட்டுப்போயிருக்கு. ஐஸ் போடாம வெளில போட்டு வச்சிருக்கீங்க. சரியா கழுவல."

தாங்கள் சொன்னது தங்கள்மேலேயே திரும்பி வந்தது அவர்களுக்குப் புரியக் கொஞ்ச நேரமானது.

"நாங்களா?" அடைக்கலமேரி முன்னால் வந்தாள். "பதினோரு வருசமா உரிக்கறேன் சார். ஒரு எறா கறுத்ததில்ல. பாருங்க சார் என் கைய!" வெந்த விரல்களை நீட்டினாள். அவர் பார்க்கவில்லை.

"டிரைவர் யாரு?"

கஸ்பார் வந்து நின்றான். கையில் எண்ணெய்த் துணி இருந்தது.

"பெரிய எஞ்சின் நின்னதும் என்ன செஞ்சே?"

"இத்த ஓட்டினேன் சார்."

"எவ்வளவு நேரத்துல?"

"அஞ்சு நிமிசத்துல."

"கஸ்பாரு." அடைக்கலமேரியின் குரல் தாழ்ந்திருந்தது. "நேத்து மத்தியானம் கொழாயாண்ட தலதெறிக்க ஓடினியே. எங்க ஓடின?"

"டீசல் வாங்க."

"கையில டின்னு இல்லியே."

அவன் துணியை மடித்தான். மடித்ததை மறுபடி மடித்தான்.

"ஒரு மாசமா இருமல்காரன் இருமவே இல்ல," என்றாள் அவள். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. தனக்குத்தானே கணக்குப் போடுவதுபோலச் சொன்னாள். "இன்னிக்குக் காலீல இருமினான்." சட்டென்று பிலோமியின் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லுமே. உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

பதினாறு பேரும் பிலோமியைப் பார்த்தார்கள். பிலோமி தரையைப் பார்த்தாள். அங்கே உருகிய ஐஸ் தண்ணீர் இன்னும் காயாமல் கிடந்தது.

"எனக்கு இன்னா தெரியும்கா," என்றாள்.

அடைக்கலமேரி வரிசையில் தன் இடத்துக்குத் திரும்பிப் போனாள்.

தேவப்பிரியம் ஒரு சாக்குப் பையோடு வரிசையில் வந்தார். ஒவ்வொருத்தியும் இடுப்பிலிருந்து நம்பர் வில்லையை அவிழ்த்துப் போட்டாள். அடைக்கலமேரியின் வில்லை தேய்ந்து நம்பரே தெரியாது. அவள் அதைப் பைக்குள் போடாமல் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். பிலோமி முடிச்சை அவிழ்க்கப் போனபோது தேவப்பிரியம் பையை இழுத்துக்கொண்டார்.

"நீ இரும்மா. திங்கக்கிழமை புது ஆளுங்க வருவாங்க. சொல்லிக்குடுக்க ஒருத்தி வேணும்."

அன்று சாயங்காலம் குழாயடியில் பிலோமி குடத்தை வைத்தாள். வரிசையில் நின்றவர்கள் அவளுக்கு வழிவிட்டு விலகிக்கொண்டார்கள். யாரும் திட்டவில்லை. அவள் குடம் நிறையாமலே எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

கஸ்பார் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"பெரியவன் ரிப்பேராயி வந்தா எங்க போவுது?" என்று பிலோமி கேட்டாள்.

"விம்கோ நகருக்கு."

அவள் விளக்கை இன்னொரு பக்கம் நகர்த்தி வைத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம், அடைக்கலமேரி வீட்டில், பேச்சுச் சத்தமே இல்லை.

மறுநாள் காலை ஆறரை மணிக்குக் கஸ்பார் எஞ்சின் கொட்டகையைத் திறந்தான். பெரியவனை வண்ணாரப்பேட்டைப் பட்டறைக்குத் தூக்கிப் போயிருந்தார்கள். அந்த மேடையில் போல்ட்டுகளின்மேல் பழைய சாக்கை விரித்தான். இருமல்காரனைச் சுற்றினான். நான்காவது சுற்றில் இருமிக்கொண்டு பிடித்தது. ஐந்து நிமிஷம் ஓடவிட்டு நிறுத்தினான்.

சுவருக்கு அப்பால் சிரிப்பில்லை, பேச்சில்லை. நாற்காலி நகரும் சத்தமும் தேவப்பிரியம் தொண்டையைக் கனைப்பதும் கேட்டன. பிறகு ஒரு தட்டு.

டங்.

கைப்பிடியை அவன் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். பிறகு அதே எஞ்சினில் மாட்டினான். சூடாக இருந்தது. ஒரே சுற்றில் பிடித்தது. அதே இருமல்.

நிறுத்திவிட்டுக் காத்திருந்தான். வெகு நேரம் ஒன்றும் கேட்கவில்லை. "ஓடுச்சாம்மா?" என்று தேவப்பிரியம் கேட்டார்.

காலிக் கொட்டகையில் பிலோமி இரண்டு முறை தட்டினாள்.